கண்ணாடியில் ஒட்டிய இதழ்

அன்பு மகள் கண்ணாடிப் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், என் இடது கண்ணும் இப்போது நலம். நீயும் நீ கட்டுகிற பாலமும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் சொல்லும்போது கண்ணுக்கு எதற்குத் தனி இடம் என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். முடிவு நல்ல முடிவுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு நானே என் கையால்தான் எழுதுகிறேன். வரி கொஞ்சம் மேலே ஏறி இறங்கினால் பழைய பழக்கம் என்று விட்டுவிடு, என் எழுத்து என்றைக்கு நேராகப் போனது.

போன மாதம் போனில் நீ என்னிடம், என்னப்பா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கே என்று கேட்டாயே, சளி என்று சொன்னேன். சளியும் இல்லை ஒன்றும் இல்லை. கட்டிலின் நுனியில் தலையைத் தொங்கவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினேன். போனில் முகம் தெரிகிற கேமரா கெட்டுப்போய்விட்டது என்று அம்மா சொன்னதும் பொய்தான், ஆனால் அந்தப் பொய்யை அவள் வாயில் போட்டவன் நான். அவள் முதல் நாளே உனக்குச் சொல்லிவிடலாம் என்றாள். நான்தான் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தேன். உன் பாலத்தின்மேல் லோடு லாரிகளை வரிசையாக நிறுத்திச் சோதிக்கப் போகிற வாரம் அது. எத்தனை மில்லிமீட்டர் வளைகிறது என்று நீ கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பனுடைய கண் பற்றிய நினைப்பு எதற்கு? அதனால் திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, அம்மாவை விட்டுவிடு. இதைப் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்கும் காரணம் உண்டு. போனில் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், நானோ சாப்பிட்டியா, தூங்கினியா, சரி வை என்பதற்கு மேல் போனில் பேசத் தெரியாதவன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நம் மேல் வீட்டு டீச்சரம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், பால்கனி முழுக்கத் தொட்டி வைத்திருப்பவர். நீ போனபிறகு அவர் ஒரு கொடியும் வளர்த்து, அது கம்பி தாண்டி நம் பால்கனிக்கு மேலே வந்து தொங்க ஆரம்பித்துவிட்டது. குளிர் போய் வெயில் தலைகாட்டியதும் அதில் வெள்ளை வெள்ளையாகப் பூ, ஒவ்வொரு இதழும் சாப்பிடுகிற ஸ்பூன் அகலம். அவ்வளவும் உதிர்வது நம் துணி காயப்போடுகிற கயிற்றில், அதிலும் சரியாக என் யூனிபார்ம் சட்டைமேல். அவர் தண்ணீர் ஊற்றும்போது அதுவும் சேர்ந்து சொட்டும். இரண்டு வருஷம் வாயால் சொல்லிப் பார்த்தேன். இந்த வருஷம் குடியிருப்போர் சங்கத்துக்கு மூன்று பக்கம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். செயலாளர் விசாரித்து, மாதக் கடைசிக்குள் தொட்டிகளை உள்ளே எடுத்துவிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லியும் விட்டார். எனக்கு அன்றைக்குப் பெரிய வெற்றி.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்துப் போட்ட சட்டையில் மறுபடியும் நாலு இதழ். வந்ததே கோபம். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டி, மேலே பார்த்து, டீச்சரம்மா என்று ஒரு சத்தம் போட்டேன், நம் டிப்போவில் சத்தம் போடுவது போல. அவரும் கையில் பூவாளியோடு எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நனைந்த இதழ் ஒன்று பொத்தென்று என் மூக்குக்கண்ணாடியின் வலது பக்கம் ஒட்டிக்கொண்டது. வலது கண் மூடின மாதிரி ஆகிவிட்டது. இடது கண்ணால் மட்டும் பார்க்கிறேன், டீச்சரம்மாவின் தலை மட்டும் ஆகாயத்தில் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. தொட்டி இல்லை, கம்பி இல்லை, பூவாளி இல்லை, எல்லாம் கறுப்பு. இதழை எடுத்தேன், முழு டீச்சரம்மா வந்துவிட்டார். கையால் வலது கண்ணைப் பொத்தினேன், மறுபடியும் வெறும் தலை. அந்தத் தலை என்ன சார், ஏன் கூப்பிட்டீங்க என்று கேட்கிறது. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

அதற்கு நாலு நாள் முன்பிருந்தே இடது ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டும், கொசுக்கள் மாதிரி புள்ளிகள் மிதக்கும். நான் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்தேன், என் கண்ணாடியைத் துடைத்தேன், நாங்கள் விசில் என்று கூப்பிடுகிற கண்டக்டர்கூட என்ன அண்ணே இன்னைக்கு இத்தனை தடவை துடைக்கிறீங்க என்று கிண்டல் செய்தான். நல்ல கண் கெட்ட கண்ணுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. அந்த நாலு நாளும் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு அரைக் குருடனாக வண்டி ஓட்டியிருக்கிறேன் பாப்பா. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, கண்ணின் பின்பக்கத்துத் திரை, ரெட்டினா என்கிறார்களே அது, மேலிருந்து கழன்று வருகிறது, நடுப்புள்ளி மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நடுவும் போயிருக்கும், அப்புறம் நான் ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது என்றார். மறுநாளே ஆபரேஷன். கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டு, அது அந்தத் திரையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்காகப் பத்து நாள் குப்புறவே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பார்வை திரும்புமா என்று கேட்டேன். முதலில் ஒட்டட்டும், பிறகு பேசலாம் என்றார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முப்பது வருஷம் தூரத்தில் பார்த்தே பிழைத்தவன் நான். எனக்குக் கிடைத்தது கட்டிலுக்குக் கீழே மூன்றரை டைல்ஸ். சாப்பாடு குனிந்து, தண்ணீர் ஸ்ட்ரா வைத்து. ஒரு டைல்ஸில் விரிசல் இருக்கிறது, அதன் வளைவு நெளிவு முழுவதும் எனக்கு மனப்பாடம். அம்மாவுக்கு லைப்ரரியில் அரை நாள் லீவுதான் கிடைத்தது, காலையில் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் போய் மத்தியானம் வருவாள். அந்த நாலைந்து மணி நேரத்தில் டிப்போவை நினைப்பேன், கண் பரிசோதனையை நினைப்பேன், இனிமேல் ஸ்டீயரிங் இல்லையோ என்று நினைப்பேன், மறுபடியும் விரிசலைப் பார்ப்பேன். மூன்றாம் நாள் பால்கனிக் கதவு திறந்திருந்தது. காற்றில் ஒரு வெள்ளை இதழ் தரையோடு வழுக்கிக்கொண்டு வந்து சரியாக என் மூக்குக்குக் கீழே நின்றது. ஸ்டாப்பில் வண்டி நிற்கிற மாதிரி நின்றது. வீட்டுக்கு விருந்தாளி வந்தது போல எனக்கு அவ்வளவு சந்தோஷம். நல்ல கண்ணால் அதையே மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்ததும், பால்கனியில் கூட்டுகிற இதழைக் குப்பையில் போடாதே, ஒரு தட்டில் தண்ணீர் வைத்து அதில் போட்டு இங்கே தரையில் வை என்றேன்.  சங்கத்துக்கு எழுதின மூணு பக்கத்தையும் வாங்கிட்டு வந்து பக்கத்துல படிச்சுக் காட்டட்டுமா என்று கேட்டாள். தட்டை மட்டும் மறக்காதே என்றேன்.

அதிலிருந்து தினமும் காலையில் ஒரு தட்டு வரும். டீச்சரம்மாவின் வெள்ளைப் பூ, எதிர்வரிசை மரத்தின் இளஞ்சிவப்புப் பூ, லைப்ரரி வாசலில் இருந்து அம்மா பொறுக்கி வந்த ஊதாப் பூ. பேர் எதுவும் எனக்குத் தெரியாது, இத்தனை வருஷத்தில் பூ என்றால் வைப்பரில் மாட்டிக்கொள்கிற குப்பை என்றுதான் தெரியும். அதனால் நானே பேர் வைத்தேன். இளஞ்சிவப்பு எல்லாம் எட்டு மணி வண்டிக் கூட்டம், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். வெள்ளை, ஜன்னலோரம் கேட்கிற ஆள், தட்டின் விளிம்புக்கே போகும். ஊதா, படிக்கட்டில் தொங்குகிறவன். சாயங்காலத்துக்குள் வெள்ளையின் ஓரம் தேநீர் நிறமாவதும், ஊதா மட்டும் மறுநாளும் வாடாமல் இருப்பதும் எனக்குத் தெரிந்தது. மனசு அமைதியானது என்று சொன்னால் நீ சிரிப்பாய், ஆனால் அமைதியானது. தட்டைப் பார்க்கிற நேரத்தில் டிப்போ நினைப்பு வரவில்லை.

ஆனால் இடது கண் மட்டும் ஒன்றும் காட்டவில்லை. கட்டுப் பிரித்ததும் வலது கண்ணைப் பொத்திப் பார்த்தால் கலங்கின தண்ணீர் ஆடுகிற மாதிரி வெளிச்சம், அவ்வளவுதான். அம்மா தினமும் கேட்பாள், நான் தினமும் நாளைக்கு என்பேன். ஆறாம் நாள் காலையில் தட்டில் முழுப் பூ ஒன்று இருந்தது, காம்போடு. வாசனை இருக்கிறதா என்று எடுத்து மூக்கில் வைத்தேன். கை கொஞ்சம் விலகி, பூ இடது கண்ணுக்கு ஒரு விரல்கடை தூரத்துக்கு வந்தது. பாப்பா, தெரிந்தது. கலங்கல் இல்லை, ஆட்டம் இல்லை, அவ்வளவு துல்லியம். பூவுக்குள்ளே ஒரு ரோட்டு மேப் மாதிரி நரம்புகள், நடுவில் மஞ்சள் தூள் ஒவ்வொரு மணியாக, அதில் ஒரு எறும்பு முன்னங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தது. பூவை நகர்த்தினேன், கலங்கல். கிட்டே கொண்டுவந்தேன், எறும்பு. நான் அழுதேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. கண்ணீர் நேராகத் தரையில் விழுந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். தெரியுது, தெரியுது என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, புத்தகத்தில் தேதி குத்துகிற முத்திரையைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்த முத்திரையாலேயே என் முதுகில் ஒரு போடு போட்டுவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவளும் அழுதாள். அந்தப் பனியனில் இன்னமும் தேதி இருக்கிறது. குமிழி ஒரு பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்திருக்கிறது, இப்படிக் கிட்டே தெரிந்தது நல்ல அடையாளம், நடுப்புள்ளி உயிரோடு இருக்கிறது என்று பிறகு டாக்டரம்மா விளக்கினார்.

ஒன்பதாம் நாள் மேலே தொட்டிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. மாதக் கடைசி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலையோடு ஒவ்வொரு படியாக ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவருடைய செருப்புதான் எனக்குத் தெரிந்தது. தொட்டிகளை எடுக்காதீங்க, நான் புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன் என்றேன். அவர் பதறிப்போய், ஐயோ சார், அதுக்குப் போய் இப்படித் தலை குனிஞ்சு நிக்கணுமா, நிமிருங்க சார் என்றார். நிமிரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க என்றேன். பாவம், ரொம்பக் குழம்பிவிட்டார். உட்கார வைத்து எல்லாம் கேட்டுவிட்டு, கணக்கு டீச்சர் இல்லையா, அப்போ ஒரு இதழுக்கு ஒரு கண்ணு, நீங்க எனக்குத்தான் பாக்கி என்றார். இப்போது காலையில் என்மேல் தண்ணீர் சொட்டினால் நான் மேலே பார்த்து வணக்கம் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நிமிர விட்டார்கள். கண்ணுக்குள் அந்தக் குமிழி ஒரு கோடு மாதிரி தெரியும். கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். தினமும் அது டீசல் முள் போல இறங்கும். முள் இறங்க இறங்க நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. போன புதன்கிழமை மிளகு அளவுக்கு வந்து, வெள்ளிக்கிழமை காணாமலே போய்விட்டது. நேற்று டாக்டரம்மாவிடம் போனோம். கடைசி வரிக்கு முந்தின வரி வரை படித்துவிட்டேன். திரை முழுக்க ஒட்டிவிட்டது என்றார். வீட்டுக்கு வருகிற வழியில் அம்மா என் கையை விடவே இல்லை, நான் என்னவோ ஓடிவிடப் போகிற மாதிரி. மூன்று மாதம் கழித்து டிப்போவில் கண் பரிசோதனை. தேறினால் வண்டி, தேறாவிட்டால் நேரக் காப்பாளர் நாற்காலி இருக்கிறது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எதுவானாலும் சரி என்று மனசு வந்துவிட்டது. இது என் வாயிலிருந்து வருகிறது என்றால் நீயே பார்த்துக்கொள்.

இப்போது உன் விஷயம். இவ்வளவு நாள் மறைத்ததை இன்று எழுத வைத்தது இதுதான். நேற்று டாக்டரம்மா கடைசியாகக் கேட்டார், உங்க பிள்ளைங்க யாராவது கண்ணாடி போடுறாங்களா என்று. ஒரே மகள், மூன்றாம் வகுப்பிலிருந்து போடுகிறாள், என்னைவிட நம்பர் அதிகம் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். தூரப்பார்வை குறைந்து பெரிய நம்பர் போடுகிறவர்களுக்கு, அதுவும் பெற்றவர்களுக்கு இப்படி வந்திருந்தால், இது வர வாய்ப்பு கூடுதல், வருஷம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டுப் பின்பக்கத் திரையைப் பார்த்தே ஆகவேண்டும், ஓட்டை சின்னதாக இருக்கும்போதே அடைத்துவிடலாம் என்றார். உன் மூக்கை எனக்குக் கொடுத்தாய், கோபத்தைக் கொடுத்தாய், இந்தக் கண்ணையுமா கொடுக்கணும் என்று நீ அடிக்கடி சண்டை போடுவாயே, நேற்று அது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணாடி கடையில் நம்பர் பார்ப்பது கணக்கில் வராது. டாக்டரிடம் போக வேண்டும். வேலை இருக்கிறது, பாலம் இருக்கிறது என்று சொல்லாதே. பாலத்தைச் சோதிக்கிற நேரத்தில் பாதி போதும் இதற்கு.

இந்தக் கவருக்குள் ஒரு இதழ் வைத்திருக்கிறேன். டீச்சரம்மாவே பறித்துக் கொடுத்தது, அம்மா ஒரு தடித்த புத்தகத்தில் வைத்து அழுத்தியது. காய்ந்திருக்கும், உடைத்துவிடாதே. ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு உன் கண்ணாடியின் வலது பக்கம் ஒட்டிக்கொள். இடது கண்ணால் எதிர்ச் சுவரைப் பார். நாலு மூலையும் தெரிகிறதா, சுவரும் தரையும் சேருகிற இடம் தெரிகிறதா என்று பார். பிறகு இதழை இடது பக்கம் மாற்றி ஒட்டி, வலது கண்ணால் பார். ஒரு மூலை குறைந்தாலும் அந்த நிமிஷமே கிளம்பு. நாலும் தெரிந்தால் அப்பாவை நினைத்துச் சிரித்துவிட்டு, அப்போதும் டாக்டரிடம் போ. போய்விட்டு வந்த பிறகுதான் எனக்குப் போன் போட வேண்டும். அன்றைக்குக் கேமராவைத் திற, அது கெட்டுப்போகவில்லை. உன் முகத்தை இடது கண்ணால் ஒரு தடவை, வலது கண்ணால் ஒரு தடவை நான் பார்க்க வேண்டும்.

நீ போகிற வழி எல்லாம் உன் இரண்டு கண்ணுக்கும் முழுசாகத் தெரியட்டும். வேளைக்குச் சாப்பிடு. அம்மா தன் ஆசியையும் இதே கவரில் வைக்கச் சொன்னாள்.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும்,
உன் அப்பா