கிளினிக்குக்கு மட்டும் போட்ட சட்டை

என் அருமை அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி: நான் நன்றாக இருக்கிறேன். போன மாதம்வரை, சீக்கிரமே உங்கள் பின்னால் வந்துவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்களுக்கு இதயத் தசை தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்த கையோடு பிள்ளைகளையும் சோதித்தார்களே, அப்போதே எனக்கும் இருந்தது. அன்றைக்கு என் நெஞ்சில் மறைக்க எதுவும் இல்லை. கோலா கெத்தில் ஊரில் இருந்த கடையைத் தங்கச்சிக்குக் கொடுத்தீர்கள், எனக்கு இந்த நோயைக் கொடுத்தீர்கள். கோபமில்லை, சும்மா சொல்கிறேன்.

நான் பெண்ணாக வாழத் தொடங்கியபோது மூன்று வருடம் பேசாமலிருந்தீர்கள். பிறகு ஒருநாள் நான் வைத்த மீன் குழம்பில் சமாதானமானீர்கள். வீட்டில் என்னைப் பாவாடையும் பொட்டுமாகப் பார்த்துப் பழகிவிட்டீர்கள். உங்களை நான் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப மட்டும் ஒரு சட்டைய போட்டுக்கய்யா" என்பீர்கள். வெட்கப்பட்டுச் சொன்னீர்களா, யாராவது என்னை ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயந்து சொன்னீர்களா? கடைசிவரை கேட்காமலே விட்டேன்.

நீங்கள் போன பிறகும் அதே பழக்கத்தில் சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். நெஞ்சைத் துணியால் இறுக்கிச் சுற்றி, முடியைத் தொப்பிக்குள் திணித்து, ஐசி அட்டையில் ஆண் என்று இருக்கும் ஆளாகவே போய் உட்காருவேன். ஹார்மோன் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லவே இல்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்களே என்ற பயம். நிறுத்தினால் மறுபடி பழைய ஆளாகிவிடுவேனே, அதற்குச் சாவே மேல் என்று நினைத்தேன். இசிஜி எடுக்கும் தேதி வந்தால் சட்டையைக் கழற்ற வேண்டும், அதனால் அந்தத் தேதிகளுக்கெல்லாம் டிமிக்கி. இரண்டு வருடம் இதய டாக்டரிடம் இதயத்தைக் காட்டாமல் மருந்து வாங்கி வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

போன மாதம் சுங்கை லாலாங்கில் என் நாசி லெமாக் கடையில் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு முட்டியது. தங்கச்சி காரோடு ஓடி வந்தாள். அந்த நிலையிலும் நெஞ்சைச் சுற்றிக் கட்டி, சட்டையை மாட்டிக்கொண்டுதான் காரில் ஏறினேன். என்ன புத்தி பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் நர்ஸ் திரையை இழுத்துவிட்டு என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் துணிக்கட்டைக் கத்தரித்து எடுத்தார், போர்வையை என் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"இப்டி இறுக்கிக் கட்டுனா எப்டிலா மூச்சு விடுவீங்க, அக்கா?"

அக்கா என்றார், அப்பா. அந்தக் கட்டடத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அழுதுகொண்டே மாத்திரை விஷயம் முழுவதையும் கொட்டிவிட்டேன்.

மலாய்க்கார டாக்டர் நன்றாகவே திட்டினார். ஆனால் ஹார்மோன் சாப்பிட்டதற்காக இல்லை, மறைத்ததற்காக. ஹார்மோன் டாக்டரோடு பேசி, மாத்திரைக்குப் பதில் தோலில் தடவும் மருந்தாக மாற்றித் தந்தார்கள். அதில் இரத்தம் கட்டும் ஆபத்து குறைவாம். இதய மருந்தையும் கூட்டினார்கள். நோய் குணமாகாது, ஆனால் நான் நானாகவே இருந்துகொண்டு அதோடு காலம் தள்ளலாம். இது இவ்வளவு சுலபமாக முடியும் என்று யார் நினைத்தது?

இப்போது நேராகப் படுத்துத் தூங்குகிறேன். மாடிப்படியில் நடுவில் நிற்பதில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று கடைச் சம்பலிலும் குறைத்துவிட்டேன், வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் தட்டையே தள்ளியிருப்பீர்கள்.

அடுத்த வாரம் மறுபடி கிளினிக். பஞ்சாபி சூட்டைத் துப்பட்டாவோடு தேய்த்து வைத்திருக்கிறேன். பயம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன்: இனி எந்தத் தேதியையும் தவறவிட மாட்டேன், எந்த மருந்தையும் மறைக்க மாட்டேன். புதுசாக வரும் டாக்டர்கள் குடும்பத்தில் யாருக்கு இந்த நோய் என்று கேட்பார்கள். உங்கள் பெயரைச் சொல்வேன். "நீங்கள் அவருக்கு என்ன உறவு?" என்று என்னைக் கேட்டால், அதையும் சத்தமாகவே சொல்வேன்.

உங்கள் மூத்த மகள்,
புவனா