நீ விழாத அந்த ஓட்டம்

நேற்று மேனாம்பேடு பள்ளி மைதானத்தைத் தாண்டும்போது சுண்ணாம்புத் தூள் வாசனை மூக்கில் ஏறியது. விளையாட்டு விழாவுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கால் தானாக நின்றுவிட்டது. "கோடு போட்டாச்சுடி, வாசனை வருது, கெளம்பு" என்று, பார்வையில்லாத நீ என்னை விரட்டுவாயே, அந்த வாசனை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நாம் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நட்டு போல்ட்டுகளைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தோம். பார்வையில்லாதவர்களும் போலியோவால் கால் சூம்பியவர்களும் ஞாயிறு காலையில் விளையாடக் கூடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துணை வேண்டும் என்று நீதான் என்னை இழுத்துப் போனாய். ஏதோ புண்ணியம் செய்யப் போகிற நினைப்பில் வந்தேன். அரைச் சுற்றிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்தது நான்தான்.

சடைக்குக் கட்டும் சிவப்பு ரிப்பனின் ஒரு முனை உன் மணிக்கட்டில், மறுமுனை என் மணிக்கட்டில். அப்படித்தான் ஓட வேண்டும். முதல் நாள் மாட்டை இழுப்பது போல உன்னை இழுத்தேன். "இயுக்காதடி. பேசிக்கினு வா. பேச்சு வந்தா என் காலும் வந்துரும்" என்றாய். அன்றிலிருந்து பேசினேன். வளைவு வருது, நேரா போ, இங்க மண்ணு இளக்கம். நடுநடுவே சூப்பர்வைசரைப் பற்றி வம்பு. நீ சிரித்துக்கொண்டே ஓடுவாய். அப்பா, என்ன ஓட்டம்டி அது! உன்னைப் போல ஓடியவளை நான் அப்புறம் பார்த்ததே இல்லை.

உன் அண்ணன் லேத்தில் வேலை பார்த்தவர். தங்கை மேல் உயிர், அதனாலேயே பயம். ஆரம்பத்தில் நீ ஓரிரு முறை விழுந்துவிட்டாய். "இன்னொரு தபா முட்டிய பேத்துகினு வந்தீனா கிரவுண்டு பக்கமே போவக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதை என்னிடம் சொன்னபோது உன் குரல் இறங்கியிருந்தது. "ஊட்டுல எல்லாரும் கைய புடிச்சிகினே கீறாங்க. இங்க மட்டுந்தான்டி காத்து மூஞ்சில அடிக்குது."

போட்டி நாளன்று அண்ணனே வந்து கோட்டோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரிப்பன் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினேன். விசில் ஊதினார்கள். பாதி தூரம் வரை நாம்தான் முன்னால். உன் பாதத்துக்கு முன்னால் கல் கிடக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓடினேன். என் காலைப் பார்க்க ஆளில்லை. வளைவில் குழியில் கால் மடங்கி, குப்புற விழுந்தேன்.

ரிப்பன் சுண்டியது. நீ ஒரு கணம் ஆடிப்போய், காலை அகட்டி ஊன்றி நின்றுவிட்டாய். மற்றவர்கள் நம்மைத் தாண்டிப் போனார்கள். ரிப்பனைத் தடவியபடியே என் கையைத் தேடிப் பிடித்துத் தூக்கினாய். "அடி பட்டுச்சா? செரி, பேசு. பேசிக்கினு வா." கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.

அண்ணன் ஓடி வந்தார். என் சுடிதார் முட்டியில் கிழிந்து ரத்தம் வழிந்தது. உன் சுடிதாரில் புழுதிகூட இல்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "கண்ணு கீறவளே வுயுந்துட்டா, இவள சொல்லி இன்னாத்துக்கு? அடுத்த வாரம் நானே சைக்கிள்ல இட்டாறேன்."

"வேணும்னேதானே வுயுந்தே?" என்று காதோரம் கேட்டாய். சத்தியமாக இல்லை. கடைசி வரை நீ நம்பவே இல்லை.

போன தை மாதம் உன்னை வாசலில் கிடத்தியிருந்தபோது, அந்த அண்ணன் தடி ஊன்றி என்னிடம் வந்தார். "அந்த முட்டி இன்னாம்மா ஆச்சு?" என்றார். பாவம், வேறு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. புடவையைச் சற்றுத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தார், சிரித்தார், அப்படியே அழுதுவிட்டார்.

நேற்று ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தச் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி மெல்ல நடந்தேன். வளைவு வந்ததும் "வளைவு வருது" என்று வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் நீ இருந்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு தள்ளியே கை இருந்தது. இழுக்கவில்லைடி. பேசிக்கொண்டுதான் வந்தேன்.