ஏழுக்கு நாலு

உன் பிளாஸ்டர் சுருள் இன்று மத்தியானம் மேஜையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சித்திரை வெயிலில் பசை இளகியிருக்கிறது. பிய்த்து எடுத்தபோது விரலெல்லாம் அந்த வாசனை. டயாலிசிஸ் வார்டில் உன் இடது கையில் ஊசி நகராமலிருக்க ஒட்டுவார்களே, அதே வெள்ளைப் பிளாஸ்டர். நர்ஸிடம் கேட்டு வாங்கி வந்த இந்தச் சுருளின்மேல்தான் செல்போனைச் சாய்த்து நிறுத்தி, ஒற்றைக் கையால் விளையாடுவாய். உன்னை அடக்கம் செய்த மறுவாரம் உன் அம்மா இதைக் கொண்டுவந்து எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றபடி நீட்டினார்கள். "இந்தா பாப்பா, இத்த வெச்சிக்கினுதான் செல்லு ஆடிக்கினு இருந்தா. எனக்கு இன்னாத்துக்கு?"

நான் அவர்களை உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. அப்பா வீட்டில் இருந்தார்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சுருள் மட்டுமில்லை. காலையிலிருந்து குழுவில் ஒரே சண்டை. நம் சூப்பர்ஹீரோ கேம் குழுதான். அதை நடத்திவந்த வேங்கை ஷிப்ட் வேலைக்குப் போன பிறகு அட்மின் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான், ஆகவே சண்டை தீர்ப்பதும் என் வேலை. புதிதாகச் சேர்ந்த ஒருவர், சேலம் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸில் இருப்பவர், எப்போதும் ஒரே ஹீரோவைத்தான் எடுக்கிறார். நேற்று தோற்றுவிட்டார்கள். "ரூல் கீது இல்ல, அவர தூக்குங்க அட்மின்" என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். ரூல் இருக்கிறது. எனக்குத் தெரியாதா?

அந்த விளையாட்டைப் பற்றி நீ சொன்னதை அதன் கம்பெனிக்காரன்கூடச் சொல்லியிருக்க மாட்டான். பக்கத்துக்கு ஆறு பேர். ஒருவன் பறப்பான், ஒருவன் சுவரை உடைப்பான், ஒருத்தி நெருப்பைக் கக்குவாள். எல்லோருக்கும் அடிக்கிற ஹீரோதான் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை பேரை வீழ்த்தினார் என்று கொட்டை எழுத்தில் வரும், யார் எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்பது அடியில் பொடி எழுத்தில் வரும். ஜெயித்தால் நான் அடித்தேன், தோற்றால் ஹீலர் சரியில்லை. உயிர் கொடுக்கிற அந்த ஹீலரை எடுக்க ஆளே இருக்காது. நீ மட்டும் தினமும் நூல்காரியை எடுப்பாய். அவளுடைய அசல் பெயர் நம் யார் வாயிலும் நுழையவில்லை, ஒளிநூலை வீசிக் கூட்டாளியின் முதுகில் கட்டுவதால் நூல்காரி. ஒருமுறை கட்டிவிட்டால் போதும், பின்னாலேயே நடந்தால் அவனுக்கு உயிர் ஏறிக்கொண்டே இருக்கும்.

"அடிக்கிறதுக்கு ஊரே கீது. உயிர் புடிக்கிறதுக்கு ஒருத்தியாவது வேணாமாடி?" என்றாய். குழுவில் எல்லோரும் அதைக் கேட்டு இதயமாகப் போட்டுத் தள்ளினார்கள். உண்மைக் காரணம் எனக்கு மட்டும் தெரியும். வாரத்துக்கு மூன்று நாள் மாலை நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை உன் இடது கை மெஷினோடு கட்டுண்டு கிடக்கும், அசைக்கக் கூடாது. மற்ற நாட்களிலும் அது மரத்துத்தான் கிடக்கும். நம் பயிற்சி ஆட்டமோ ஆறு மணிக்கு. ஒற்றைக் கையால் ஆடக்கூடிய ஒரே ஹீரோ நூல்காரி.

"என் கை கதைய எவன்கிட்டயும் சொல்லிடாத. பாவம் பாத்து சேத்துக்கினாங்கன்னா அப்புறம் நான் ஆட்றது கேமே இல்ல" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். காஞ்சிபுரம் பஸ்ஸில், ஜன்னலோரம். நான் கல்லூரிக்கும் நீ ஆஸ்பத்திரிக்கும் போய்வந்த மூன்று வருஷமும் அந்த பஸ்தான் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே இடம். கல்லூரி முடிந்தது, அப்பா என்னை வேலைக்கு அனுப்பவில்லை, பஸ்ஸும் போயிற்று. உன்னை மெஷினில் கட்டிப்போட்டார்கள், என்னை வீட்டில் கட்டிப்போட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பேரும் கண்ணாடிக் கோபுரங்களுக்கு மேலே பறப்போம். நான் முன்னால், உன் நூல் என் முதுகில். "கேம்லயாவது ஒரே டீமு" என்று நீ சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் வைகாசியில் நம் குழு ஆன்லைன் போட்டி ஒன்றில் அரையிறுதிக்கு வந்தது. எனக்கு அது எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். என் பெயர் கொட்டை எழுத்தில் வந்த இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். எதிரணி நூலை அறுக்கிற ஹீரோவை இறக்கியது. "ஹீரோவை மாத்துங்க, மாத்துங்க" என்று எல்லோரும் அலறினார்கள். நீ மாற்றவில்லை. நான் செத்துச் செத்து எழுந்தேன். தோற்றோம்.

அதற்கப்புறம் மூன்று நாள் குழு பற்றி எரிந்தது. ஒரு பாதி, விளையாட்டுக்குத்தானே, அவரவருக்குப் பிடித்ததை எடுக்கட்டும் என்றது. மறுபாதிக்கு வேங்கை தலைமை. "ஒரே ஹீரோவ வெச்சிக்கினு எத்தினி மேட்ச்தான் ஓட்டுவீங்க? எதிர்ல இருக்கறவன் மாத்தினா நாமளும் மாத்தணும். இது டீம் கேம், தனி ஆள் பிடிவாதத்துக்கு நாங்க இன்னா பண்றது?" அவன் கெட்டவன் இல்லை. அவன் கேட்டதிலும் தப்பில்லை, அதுதான் கொடுமை. புதன்கிழமை சாயங்காலம் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தான். ஒரே ஹீரோ ஆடுகிறவர்களை நீக்கலாமா? நீக்கலாம், வேண்டாம். பதினோரு பேர்.

ஏழாம் வகுப்பில் நம்மை உத்திரமேரூர் கல்வெட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவார்கள், சின்னப் பிள்ளை ஒன்று கைவிட்டு எடுக்கும் என்று டீச்சர் சொன்னார். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இருப்பவர்கள் பெயரைத்தான் எழுதுவார்களாம். நீ என் காதில், "அப்ப எங்க தெரு பேரு குடத்துக்குள்ளயே போகாது" என்றாய். எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. ஏறியது குடம் மட்டும்தான். ஓட்டு என்றால் குடத்துக்குள் விழும், யார் போட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த நினைப்பிலேயே வளர்ந்துவிட்டேன். செல்போனில் நடக்கிற ஓட்டெடுப்பும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

அந்தப் புதன்கிழமை ஏழரை மணிக்கு நான் "நீக்கலாம்" என்பதைத் தொட்டேன்.

காரணத்தை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். உன் கை எனக்குத் தெரியும். உனக்குச் செய்துகொடுத்த சத்தியம் எனக்கு நினைவிருந்தது. இருந்தாலும் தொட்டேன். நீ இல்லாவிட்டால் ஜெயிப்போம் என்று தோன்றியது. தொட்டதும் பயம் வந்து, செல்போனைத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். துணி மடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, திரும்பி வந்து பார்த்தபோது ஏழுக்கு நாலு. குழுவில் முந்நூறு மெசேஜ், ஒன்றையும் படிக்கவில்லை. கடைசியில் உன்னுடையது மட்டும் கண்ணில் பட்டது. "ஆல் தி பெஸ்ட் டீம்." அதற்குக் கீழே நீ குழுவிலிருந்து வெளியேறியதாக ஒரு வரி.

ஏழுக்கு நாலு. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருஷம் தூங்கினேன். என் ஓட்டு இல்லாவிட்டாலும் ஆறுக்கு நாலு, எப்படியும் நீ வெளியேதான். நான் போட்டதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மறுநாள் நீயே கூப்பிட்டாய். "இன்னாடி, நாஷ்டா ஆச்சா? ரெண்டு பேர் ஆட்டம் போலாமா?" நான் முந்திக்கொண்டு, நீ கேட்காமலே, "நான் வேண்டாம்னுதான் போட்டேன்டி" என்றேன். நீ உடனே, "தெரியும்டி. நீ போடாம வேற எவ போடுவா?" என்றாய். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதன்பின் இரண்டு மாதம் நாம் இருவர் மட்டும் ஆடினோம். என் முதுகிலிருந்து உன் நூல் ஒருநாளும் அறுபடவில்லை.

ஆடியில் மூச்சு வாங்குகிறது என்று உன்னைக் கொண்டுபோனார்கள், மறுநாள் வெள்ளைத் துணியில் கொண்டுவந்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏரிக்கரைவரை அப்பா கூடவே வந்தார். அங்கே நின்று, "இதுக்கு மேல வேணாம். பாத்தாச்சில்ல, திரும்பு" என்றார். அங்கிருந்து என்ன தெரியும்? பெட்டியின் மேலிருந்த பூ கொஞ்சம் தெரிந்தது. திரும்பிவிட்டேன். என்னைப் பற்றி இதற்குமேல் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கு நடந்தது இதுதான். சேலத்துக்காரரைத் தூக்கச் சொல்லிக் கத்திய ஒருவர், பழைய ஓட்டெடுப்பைத் தேடி எடுத்துக் குழுவில் போட்டு, "பாருங்க, யார் யார் போட்டாங்கன்னு பேரோட கீது" என்று எழுதினார். பெயரோடா? தொட்டுப் பார்த்தேன். குடமாவது மண்ணாவது, எல்லாப் பெயரும் நேரத்தோடு வரிசையாக இருக்கிறது. "நீக்கலாம்" என்பதன்கீழ் என் பெயர், ஏழு முப்பத்திரண்டு. அதற்கு மேலே, கடைசியாக விழுந்த ஓட்டு, ஏழு ஐம்பது.

அது உன் பெயர்.

புரியாமல் அன்றைய முந்நூறு மெசேஜையும் முதலிலிருந்து படித்தேன். ஏழு நாற்பதுக்கு வேங்கை எழுதியிருக்கிறான். "பதினோரு ஓட்டும் வுழுந்துச்சி. ஆறுக்கு அஞ்சு. முடிஞ்சிது." அப்போது நீ "வேண்டாம்" பக்கத்தில் இருந்திருக்கிறாய், நான் மாறிப் போட்டிருந்தால் நீ ஜெயித்திருப்பாய். அதற்கப்புறம் பத்து நிமிஷம். மெஷினில் ரத்தம் சுற்றிக்கொண்டிருக்க, இந்தச் சுருளின்மேல் செல்போனைச் சாய்த்து, நீயும் பெயர்களைப் பார்த்திருக்கிறாய். என் பெயரைப் பார்த்திருக்கிறாய். ஒற்றை ஓட்டில் நீ வெளியே போனாய், அந்த ஓட்டு என்னுடையது என்று நான் என்றைக்காவது கண்டுபிடிப்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் ஓட்டை எடுத்து என் ஓட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டாய். ஏழுக்கு நாலு. நான் நிம்மதியாகத் தூங்குவதற்கு. மறுநாள் என் பொய்யையும் வாங்கிக்கொண்டாய்.

உன்மேல் கோபம் வருகிறது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், எப்படியாவது உன் வீட்டுப் படியேறி வந்திருப்பேன். இப்போது எங்கே வருவது?

சேலத்துக்காரரை நான் தூக்கவில்லை. ரூலை எடுத்துவிட்டேன், அவர் இஷ்டப்பட்ட ஹீரோவை ஆடட்டும் என்று எழுதினேன். ஏன் என்று கேட்கிறார்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். காரணத்தைச் சொன்னால் சத்தியம் உடையும், சொல்லாவிட்டால் நீ அந்தக் குழுவில் என்றைக்கும் பிடிவாதக்காரிதான். இன்னும் யாராவது தோற்றால் உன் பெயரைச் சொல்லித்தான் கிண்டல் செய்கிறார்கள். அட்மின் நான், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஓட்டை மாற்றலாம் என்பதே உன்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருஷம் ஆகியும் அந்த ஓட்டெடுப்பு திறந்தே கிடக்கிறது. "வேண்டாம்" என்பதைத் தொட்டேன். என் பெயர் இடம் மாறியது. ஆறுக்கு ஐந்து. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது, ஒரு நிமிஷம்தான். மறுபடி பார்த்தேன். அந்த ஆறில் ஒன்று உன்னுடையது. இப்போது உன்னை வெளியே அனுப்புகிற ஓட்டு உன் ஓட்டுதான். உன்னுடையதை மாற்ற உன்னால் மட்டுமே முடியும்.

அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. திரும்பவும் "நீக்கலாம்" என்பதைத் தொட்டேன். ஏழுக்கு நாலு. உன் பெயருக்குமேல் என் பெயர் வந்து நின்றது, பக்கத்தில் இன்றைய தேதி. போன வருஷம் ஜெயிக்கிற ஆசையில் செய்ததை இந்த வருஷம் எல்லாம் தெரிந்தே இரண்டாம் முறையும் செய்திருக்கிறேன்.

இனி யார் திறந்து பார்த்தாலும் அது தெரியும். பார்க்கட்டும். "நீயா போட்டே?" என்று யாராவது என்னைக் கேட்டால், ஆமாம், நான்தான் போட்டேன் என்பேன். உன்னிடம் அன்றைக்குச் சொல்லாததை வேறு எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.