இழுக்கக் கூடாத நூல்

உன் பையைத் திறந்ததும் உன் வீட்டுத் தறிக்கூடத்தின் வாசம் முகத்தில் அடித்தது. நூலும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசம். பைக்கு அடியில், நீ பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள், அந்தத் தார் அப்படியே இருந்தது. விசைத்தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற குச்சியும் அதில் இறுக்கிச் சுற்றிய சிவப்பு நூலும், அவ்வளவுதான். தொட்டதும் என் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. நான் நடுங்குவது உனக்குப் புதிதில்லை. ஆட்டுக்கு ஊசி போடச் சொன்னால் ஆட்டை விட நான் அதிகம் நடுங்குகிறேன் என்று கால்நடை மருத்துவக் கல்லூரி முழுக்கச் சொல்லித் திரிந்தவளே நீதானே.

நேற்று சூலூர் குளத்தோரம் டீக்கடை வைத்திருக்கும் சரசக்கா போன் செய்தார். "ஏனுங்க டாக்டரம்மா, நம்ம கடைக்கு வருமே செவலை நாயி, தோட்டத்துல காட்டுப்பன்னிக்கு வெச்ச சுருக்குல மாட்டி, கம்பிய அறுத்துட்டு வந்துருக்குதுங்க. கம்பி கழுத்துக்குள்ளாறயே போயிருச்சு. பன்னு போட்டா திங்க முடியலீங்க. பக்கத்துல போனா ஓடிப்போயிருது."

வேறு யாரையாவது பாருங்கள் என்றேன். "வேற யாருங்க இருக்கறாங்க, நீங்க ரெண்டு பேருந்தான வருவீங்க" என்றார். நீ இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.

நீ போன பிறகு நான் மயக்க ஊசியைத் தொடவே இல்லை. கிளினிக்கில் தடுப்பூசி போடுகிறேன், காதுப் புண்ணுக்கு மருந்து போடுகிறேன், பூனைக்குப் பேதி என்றால் மாத்திரை எழுதுகிறேன். மயக்கம் கொடுத்துச் செய்ய வேண்டியது எதுவாக இருந்தாலும் ஊருக்குள் வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். என்ன காரணம் என்று யாரும் கேட்கவில்லை.

தெருநாய்க்கு ஊதுகுழலில் மயக்க ஊசி போடுவது பெரிய வித்தை இல்லை. போட்ட பிறகுதான் ஆபத்து. குத்தியதும் நாய் ஓடும். மயக்கம் ஏற ஏற எங்கோ போய் விழும். குளத்துத் தண்ணீருக்குள் மூக்கு வைத்து விழுந்தால் போச்சு, ரோட்டில் விழுந்தாலும் போச்சு. புதருக்குள் விழுந்து நாம் கண்டுபிடிக்காமல் போனாலும் அதே கதிதான். இதற்கு நீ கண்டுபிடித்த வழிதான் இந்தத் தார். வெளிநாட்டில் வில்லோடு வேட்டைக்குப் போகிறவர்கள் அம்பில் நூல் கட்டி, அடிபட்ட மிருகம் போன வழியைப் பிடிப்பார்களாம். ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு வந்து, "அவிங்க கொல்றதுக்குக் கட்டறாங்க, நாம காப்பாத்தறதுக்குக் கட்டலாம்" என்றாய். நூல் உன் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

முதல் தடவை நாம் போனதும் இதே குளக்கரைதான். பஞ்சு பறக்காது, வழவழவென்று உருவிக்கொண்டு வரும் என்று சொல்லி, தறியில் நீளவாக்கில் ஓடும் கஞ்சி போட்ட பாவு நூலைத் தாரில் சுற்றி எடுத்து வந்திருந்தாய். விடியற்காலைப் பனியில் கஞ்சி இளகி, நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. நாய் ஓடியது, நூல் வரவில்லை, வெடுக்கென்று இழுபட்டு ஊசி மட்டும் புல்லில் கிடந்தது. நாயைக் காணோம். கோரைப்புல்லுக்குள் நாம் தேடிய தேடலை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது. தண்ணீரை ஒட்டிப் படுத்திருந்தது. மூக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரற்கடைதான். அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு நீ சிரித்தாய். "தறிக்காரி ஊட்டுப் புள்ளைக்கு இது தோணலியே பாரு! பாவு நூலு தறியிலதான் ஓடும், பனியில ஓடாது." எனக்கு அழுகை வந்துவிட்டது, நீ சிரிக்கிறாயே என்று கோபமும் வந்தது.

அதற்கப்புறம் குறுக்கே ஓடும், கஞ்சி படாத ஊடை நூல்தான். அதுவும் ஒற்றை இழை. இரட்டையாகச் சுற்றலாமே, அறாதே என்று நான் கேட்டதற்கு, "அறுந்தா நூலு போகும். அறுகலீன்னா முள்ளுல சுத்தி உசுரு போகும்" என்றாய். நூல் முனையை ஊசியின் முன்பக்கம் கட்டி, குழலின் முன்முனை வழியாக வெளியே எடுத்து, குழலுக்குக் கீழே தொங்கும் பாட்டிலுக்குள் விடுவாய். ஊதுகிற பக்கம் நூல் வரவே கூடாது, மூச்சை இழுத்தால் தொண்டைக்குள் போய்விடும் என்று நூறு தடவை சொல்லியிருப்பாய். கையில் சுற்றக் கூடாது, இடுப்பில் கட்டக் கூடாது. ஒருமுறை அவசரத்தில் நீயே விரலில் சுற்றிக்கொண்டு, நாய் ஓடிய ஓட்டத்தில் விரல் அறுபட்டு, "வாத்தியாரே பெயில்" என்று ரத்தத்தோடு நின்றாய்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் ரோடுதான். குறுக்கே கிடக்கும் நூல் ஸ்கூட்டரில் வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது, கழுத்துக்குத்தான் தெரியும். அதனால்தான் சிவப்புச் சாயம் போட்ட நூல். வண்டி ஓட்டும் ராசண்ணன் துண்டை ஆட்டிக்கொண்டு ரோட்டை மறிக்காமல் நீ குழலை வாயில் வைத்ததே இல்லை.

இன்று காலை ராசண்ணன்தான் வந்தார். குளத்தருகே இறங்கியதும், "கண்ணு, வேண்டாமுன்னா திரும்பிப் போயரலாம். யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க" என்றார். நானும் திரும்பத்தான் நினைத்தேன். அப்போது கடை வாசலில் அந்த நாயைப் பார்த்தேன். சரசக்கா வைத்த பாலை நக்கிவிட்டு விழுங்க முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. கழுத்தைச் சுற்றி ஈ மொய்த்தது. திரும்பிப் போக முடியவில்லை.

ராசண்ணன் ரோட்டுக்குப் போய்த் துண்டை வீசினார். ஒரு டெம்போக்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார். நான் ஊதினேன். தொடையில் சரியாகப் பட்டது. நாய் வீலென்று கத்திக்கொண்டு வேலிக்காத்தான் புதர்ப் பக்கம் ஓடியது. பாட்டிலுக்குள் தார் சலசலவென்று உதறிக்கொண்டு நூலை விட்டது. பிறகு நின்றது.

நூல் நின்ற பிறகு உடனே பின்னால் போகக் கூடாது என்பாய். ஆளைப் பார்த்தால் பாதி மயக்கத்திலும் எழுந்து ஓடும். "செத்த நேரம் கையக் கட்டிட்டு உக்காருங்க அம்மணி" என்று என்னைப் பிடித்து உட்கார வைப்பாய். நான் நூலைத் தொடுவேன், நீ கையில் ஒன்று வைப்பாய். "தொடு, இழுக்காத. நூலு வழி காட்டறதுக்கு, கட்டி இழுக்கறதுக்கில்ல." கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். நூல் தளர்ந்து கிடந்தது. மறுமுனையில் நாய் இருக்கிறதா, உதிர்ந்த ஊசி மட்டும் இருக்கிறதா, இங்கிருந்து தெரியாது. தெரிந்துகொள்ள இழுத்துப் பார்க்கவும் கூடாது.

இதே மாதிரி ஒரு பெஞ்சில்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் உட்கார்ந்திருந்தேன். சின்ன ஆபரேஷன் என்று எல்லோரும் சொன்னோம், நீயும் சொன்னாய். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். "ஏண்டி இப்படி நடுங்கற? பேசாம அந்தத் தார எங் கால் வெரல்ல கட்டி உடு. எங்க போனாலும் நூலப் புடிச்சுட்டே வந்துரு." வாயை மூடு என்று அதட்டினேன். கதவைச் சாத்தினார்கள். மயக்கத்திலிருந்து நீ வரவில்லை. யார் மேலும் தப்பில்லை, இதயத்தில் யாருக்கும் தெரியாத கோளாறு இருந்தது என்றார்கள். அன்றிலிருந்து எந்த உயிரின் கண் மருந்தில் மூடினாலும், அது திறக்காது என்றே என் மனசு சொல்கிறது. நாய்க்குக் கூட.

நூலைத் தொட்டபடி நடந்தேன். இழுக்கவில்லை. புதரைச் சுற்றி, ஒரு கல்லைத் தாண்டி, வாய்க்கால் மேட்டில் போய் முடிந்தது. செவலை பக்கவாட்டில் படுத்திருந்தது, ஊசி தொடையில் தொங்கியது. வயிறு ஏறி இறங்கியது. ராசண்ணனும் நானும் நிழலுக்குத் தூக்கிப் போய்க் கம்பியை வெட்டி எடுத்தோம். சதைக்குள் விரல் விடுகிற ஆழத்துக்குப் போயிருந்தது. கழுவி, தையல் போட்டு, மருந்து வைக்கும்வரை என் கை நடுங்கவில்லை.

அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெயில் ஏறியது. சரசக்கா டீ கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போயிற்று. "எந்திரிச்சுருமுங்களா?" என்று கேட்டார். தெரியாதுங்கக்கா என்றேன். டாக்டர் சொல்கிற பதிலா இது என்று நீ திட்டியிருப்பாய். காது ஒருமுறை துடித்தது. அப்புறம் ஒரு கண் திறந்தது, என்னைப் பார்த்தது, பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் வாய்விட்டு அழுதேன். சரசக்கா பயந்துபோய், "அந்த இன்னொரு டாக்டரம்மா வரலீங்களா?" என்று கேட்டார். "அவ போயிட்டாளுங்க அக்கா" என்றேன். இந்த வார்த்தையை இன்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன்.

கிளம்பும் முன் நூலையெல்லாம் சுற்றி எடுத்தேன். ஒரு முழம் கூட விட்டுவிட்டு வரக் கூடாது, குருவிக் காலில் மாட்டும் என்பாயே. முள்ளில் சிக்கியதையும் பிரித்துத் தாரில் ஏற்றினேன். உன் அளவுக்கு இறுக்கமாக வரவில்லை. அடுத்த வாரம் தையலைப் பார்க்கப் போக வேண்டும். உக்கடத்திலிருந்தும் ஒருவர் இன்னொரு நாய்க்காகக் கூப்பிட்டிருக்கிறார், போகலாம் என்றிருக்கிறேன்.

அன்றைக்கு உன்னை அதட்டியிருக்க வேண்டாம். நூலைக் கட்டியிருக்கலாம்டி. சத்தியமாக இழுத்திருக்க மாட்டேன். பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து வந்திருப்பேன்.