கிரகணம் விடும்வரை

அம்மா மாவுச் சட்டியில் தர்ப்பையைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். இன்று சாயங்காலம் சந்திர கிரகணம். மூடியைத் திறந்ததும் புளித்த மாவும் காய்ந்த புல்லும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. உன் மாமியார் வீட்டில் நான் நின்ற அந்தக் காலையிலும் இதே வாடைதான். மூடிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தமிழ் படித்துவிட்டு ராஜபாளையத்து மில்லில் நூல் சோதித்துக்கொண்டிருந்தோம், நீயும் நானும். படித்தது எனக்கு மறந்துபோனது, உன்னை விடவில்லை. ஷிப்ட் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது மலைக்கு மேலே வெள்ளி தெரியும். உடனே ஆரம்பித்துவிடுவாய்.

"வெளுப்பா இருந்துச்சு, வெள்ளின்னாவ. சிவப்பா இருந்துச்சு, செவ்வாய்ன்னாவ. கண்ணுல பட்டதுக்குப் பேரு வச்சாவ, அம்புட்டுதான். பயத்தைப் பொறவு வந்தவன் ஏத்திவிட்டான்."

செவ்வாய் தோஷம் என்று எனக்கு வந்த வரனெல்லாம் தட்டிப்போன சமயம் அது. "அது சிவப்பா இருக்கது ஒன் குத்தமா ஏட்டி?" என்றாய். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதுகொண்டே சிரித்தேன்.

கிரகணம் என்றால் பிடித்தல் என்று சொன்னதும் நீதான். கிரகமும் பிடிப்பதுதானாம். நம் தமிழ்க் 'கோள்' என்ற சொல்லும் கொள்ளுதலில் பிறந்ததாம். "கிரகணத்துக்குப் பேரு வைக்கையிலயே பயந்துட்டாவ. வெறும் நிழலுடீ அது" என்று சிரித்தாய்.

அதன் பிறகு உனக்குக் கல்யாணமாகி ராஜபாளையத்திலேயே தங்கிவிட்டாய். நிறைமாதம். அன்று காலையில் சூரிய கிரகணம். "வலி எடுத்துருச்சு. இவிய வெளிய விடமாட்டேங்காவ. வாடீ" என்று போனில் சொன்னாய். ரோட்டில் ஆள் இல்லை. கூப்பிட்ட ஆட்டோக்காரர்கள் எல்லாம் கிரகணம் விடட்டும் என்றார்கள். ஒரு பாய் மட்டும் "ஏறும்மா, புள்ளத்தாச்சி காரியம்" என்று வண்டியை எடுத்தார்.

உன் மாமியார் அறைக் கதவை மறித்து நின்றார். கெட்டவரில்லை, நடுங்கிக்கொண்டிருந்தார். "செத்த நேரம் பொறு தாயி. இப்ப வெளிய வந்தா பிள்ளைக்கு ஊனமாயிரும்" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். உன் வீட்டுக்காரர் அம்மா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே இருந்து உன் குரல் வந்தது. "நிழலுதான் அத்தை. வெறும் நிழலுதான்." கொஞ்ச நேரத்தில் அதுவும் வரவில்லை.

கிரகணம் விட்டது. அப்போதும் உன்னை அனுப்பவில்லை. தீட்டுப் போகவேண்டுமாம், தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். உன் காலடியில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. ஆட்டோவில் ஈரத்தலையோடு என் மடியில் சாய்ந்திருந்தாய். ஆஸ்பத்திரியில், "முன்னமே கொண்டாந்திருக்கலாம்லா" என்று டாக்டரம்மா கேட்டார்.

குழந்தையை மட்டும்தான் காட்டினார்கள். உன் மாமியார் அதன் விரல்களையும் உதட்டையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு கொறையும் இல்ல. நான் தடுத்தது நல்லதாப் போச்சு" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிட்ட கைகளை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். உன் மூக்கு, உன் வாய்த்துடுக்கு. போன வாரம் பார்க்கப் போயிருந்தபோது பெருமையாகச் சொன்னாள்: "அன்னைக்குக் கதவை அடைச்சு என்னையக் காப்பாத்துனதே ஆச்சிதானாம் சித்தி. அம்மாவைத்தான் கிரகணம் பிடிச்சுக்கிட்டாம்."

ஆச்சி, அதுதான் உன் மாமியார், பக்கத்திலேயே பூக்கட்டிக்கொண்டிருந்தார். நான் அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, வெள்ளியில் ஆரம்பித்தேன். செவ்வாய் சொன்னேன். கிரகணம் என்பது நிழல், வெறும் நிழல் என்றேன்.

"நிழலுக்குக் கை கிடையாதே சித்தி. அப்ப அம்மாவைப் பிடிச்சது யாரு?" என்று கேட்டாள்.

ஆச்சியின் கை பூவில் நின்றுவிட்டது. நான் பேச்சை மாற்றிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். உன் பிள்ளை அல்லவா, மறுபடியும் கேட்பாள். சொல்லத்தான் போகிறேன்.