அப்பா காத்த பாசி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அது என்றைக்குச் சுகமாக இருந்தது.

கொஞ்ச நாளாக நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா பேசவில்லை. குளிக்கிறார், தூங்குகிறார் என்று நான் சொன்னதெல்லாம் பொய், பக்கத்திலேயேதான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஐந்து வருஷம் அங்கேயே இருக்கப்போகிறேன் என்று நீ சொன்னதில் அவருக்குக் கோபம் என்று நினைத்து, போன தடவை அழுதும் விட்டாய். கோபம் இல்லை கண்ணு, வெட்கம். அவர் இருக்கும்போது சொல்ல விடமாட்டார், அதனால் அவர் பல்செட் பட்டறைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

கடல் ஆராய்ச்சிக்குக் கிளம்பும்போது கண்ணாடித் தொட்டியில் ரோஸ் நிறக் கல் ஒன்றை விட்டுப் போனாயே, அதன் சங்கதி இது. என்னிடம் விளக்கமாகச் சொன்னாய், இது கறை இல்லைம்மா, உயிருள்ள பாசி, தன் உடம்புக்குள்ளேயே சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டு கல்லு மாதிரி ஆயிடும், கடலில் பவளப்பாறையை ஒட்டிவைக்கிறதே இதுதான் என்று. அப்பாவிடம் மட்டும், வண்டிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், அந்தப் பாசியைப் பத்திரமாப் பாத்துக்கோங்கப்பா என்று சொன்னதோடு சரி. பாசி என்றால் அவருக்குப் பச்சையாக, வழவழவென்று இருக்க வேண்டும். தொட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த பச்சை வழும்பைத்தான் இத்தனை நாளும் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்திருக்கிறார். நான் துடைக்கப் போனால் புள்ள சொல்லிட்டுப் போயிருக்கு, கைய வைக்காதே என்று சண்டைக்கு வருவார், எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

லீவுக்கு வருகிறேன் என்று நீ சொன்னதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. உன் அறைக்கு வெள்ளையடித்தார், ஜன்னல் கொக்கியை மாற்றினார், அப்புறம் தொட்டிக்கு வந்தார். பல்செட் செய்கிறவர் கண்ணுக்குக் கெட்டியாக ஏறியிருப்பதெல்லாம் காரைதான். கல்லை வெளியே எடுத்து, பல்லில் படியும் காரையை எடுக்க வைத்திருக்கும் அமிலத்தைப் பிரஷால் தடவித் தேய்த்திருக்கிறார், நுரைத்துப் பொங்கியதைப் பார்த்து நல்லா வேலை செய்யுதே என்று சந்தோஷம் வேறு. திரைச்சீலைக் கடையில் தையலை முடித்துவிட்டு நான் வந்து பார்த்தால் கல் வெளுத்துக் கிடக்கிறது, பச்சை வழும்பு பத்திரமாக இருக்கிறது. இந்த ரோஸ் கல்லுதாங்க அவ சொன்ன பாசி என்றேன், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்து வேலையை நீட்டித்துவிட்டார்கள், லீவுக்கும் வர முடியாது என்றாய். அவ வர்றதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அதையும் நானே கரைச்சிட்டேன் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அவளுக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்டால், எழுந்து தொட்டிப் பக்கம் போய்விடுகிறார்.

ஆனால் அது முழுக்கச் சாகவில்லை. பொடுகு மாதிரி மேல்தோலை அதுவே உதிர்க்கும், அப்போதுதான் வேறு பாசி வந்து ஒட்டாது, வளர்கிற இடம் அதற்கு அடியில் இருக்கிறது என்று சொல்லியிருந்தாய் அல்லவா. பிரஷ் நுழையாத பள்ளங்களில் ரோஸ் மிச்சம் இருந்தது. பட்டறையிலிருந்து பூதக்கண்ணாடியையும், பல்செட்டுக்கு ஈறு நிறம் பார்க்கும் அட்டையையும் கொண்டுவந்து தினமும் காலையில் ஒப்பிட்டுப் பார்க்கிறார். தொட்டியில் இருக்கும் நத்தை அதன்மேல் ஊர்ந்தால் விரட்டிக்கொண்டிருந்தார், மேலே படிகிற அழுக்குப் பாசியைத் தின்று அதுதான் இதைக் காப்பாற்றுகிறது என்று நான் சொன்ன பிறகு நத்தைக்கு வீட்டில் மரியாதை கூடிவிட்டது. போன வாரம் என்னை எழுப்பிக் கூட்டிப்போய், பள்ளத்தின் ஓரத்தைக் காட்டி, உன் கண்ணுக்கும் ரோஸாத் தெரியுதா என்று கேட்டார். தெரிந்தது. முழுக்க மூட எவ்வளவு காலம் ஆகும் என்றார். வருஷம் முழுக்க வளர்ந்தாலும் ஓர் அரிசி நீளம்தான் என்று நீ சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. அப்ப அஞ்சு வருஷம் சரியா இருக்கும், அவ வரும்போது பழையபடி ஆயிடும் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது நான் என்ன சாக்குச் சொன்னாலும் விடாமல் அப்பாவைக் கூப்பிடு. கல்லைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவராகச் சொல்லட்டும். கடலில் முங்கி எழுந்ததும் தலையை நன்றாகத் துவட்டு, ஈரத்தோடு தூங்காதே. நோய்நொடி அண்டாமல், எடுத்த காரியம் கைகூடி நன்றாக இரு. கடிதம் எழுதினால், எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, ஐந்து வருஷமும் நிம்மதியாக இருந்து வேலையை முடிக்கட்டும் என்று எழுதச் சொல்லி அப்பா நேற்றே சொல்லிவைத்தார். எழுதிவிட்டேன். அது அவர் சொன்னது. அந்தப் பாசி மாதிரி அவ்வளவு மெதுவாக இருக்க நான் பழகவில்லை கண்ணு, ஒரு வாரத்துக்காவது வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு
உன்னைப் பார்க்காமல் இருக்க முடியாத
அம்மா