தேவதாஸ் அண்ணன் மிதித்த திராட்சை

என் உயிரான தேவதாஸ் அண்ணா,

நீ இருக்கும் இடத்தில் யாரும் யாரையும் கைதட்டிக் கூப்பிட மாட்டார்கள் என்று நம்புகிறேன். இங்கே ஆம்பூர் பங்களாவில் உன் பெயர் இன்னும் ஓயவில்லை. அதற்கு ஓடிப்போய் நிற்பவன் நான்.

உன்னை வாந்திபேதி கொண்டுபோன மறுவாரமே, தோல் வியாபாரி துரை உன் பட்லர் கோட்டை என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். "தேவதாஸ்" என்றே கூப்பிட்டார். துக்கத்தில் வாய் தவறுகிறது என்று நினைத்தேன். வருடக்கணக்காகவா வாய் தவறும்?

நடுவே கலவை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை வந்தது. துரையிடம் சொன்னேன்.

"போயேன். உங்கம்மா இருக்கிற ரூமையும் காலி பண்ணிட்டுப் போ."

அம்மா படுத்த படுக்கை. எங்கே கொண்டுபோவேன்? அந்த வேலை இன்னொருவனுக்குப் போயிற்று.

விருந்து நாட்கள்தான் கொடுமை. நீ துரையோடு சீமைக்குப் போய்ப் பார்த்த ஒயின் ஊர்களை நான் பார்த்ததாகச் சொல்ல வேண்டும். அடுப்படியில் உட்கார்ந்து நீ சொன்னதெல்லாம் நினைவிருந்ததால் தப்பித்தேன். போர்தோவின் சிவப்பு ஒயின் புதிதாக இருக்கும்போது நம் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை போலத் துவர்த்து நாக்கைப் பிடிக்குமாமே? ரைன் நதிக்கரையில் நிற்கக்கூட முடியாத சரிவில் கொடி வளர்த்திருப்பார்களாமே? ஷாம்பெய்ன் ஊரில், சுண்ணாம்புக்கல் குகைக்குள் தலைகீழாய்ச் சாய்த்த புட்டிகளை, வண்டல் வாய்ப்பக்கம் இறங்கும்படி, வெயிலே காணாமல் ஒருவன் நாளெல்லாம் திருப்பிக்கொண்டிருந்தான் என்றாய். "அந்தாளப் பார்த்தா பாவமா இருந்திச்சுடா" என்றாய். அவனை நான் அடிக்கடி நினைக்கிறேன்.

போன வாரம் மதராஸ் வக்கீல் ஒருவர் விருந்துக்கு வந்திருந்தார். போர்ச்சுகல் மலையில், கல்தொட்டிக்குள் கூலியாட்களோடு தோள்கோத்து நீ திராட்சை மிதித்ததை, நான் மிதித்ததாகத் துரை சொல்லிச் சிரித்தார். வக்கீல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அந்தச் சிவப்பு உன் கால்ல எத்தன நாள் இருந்திச்சுப்பா?"

குனிந்து என் கால்களைப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"அது என் கால் இல்லீங்க. எங்கண்ணன் கால். அவரு செத்துப் போய்ட்டாரு. நான் மாசிலாமணி."

எல்லோரும் போன பிறகும் துரை எழுந்திருக்கவில்லை.

"எனக்குத் தெரியாதா?" என்றார். "அந்த ஊருங்கள என்கூடப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். அவனும் இல்லன்னா நான் யார்கிட்ட பேசுவேன்?"

எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. உன்மேல் அவர் வைத்த பாசத்துக்கு என்னை ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

மறுநாள் காலையில் "மாசிலாமணி, காபி" என்றார். அவ்வளவுதான் மாறியது. அம்மா அதே அறையில். நான் அதே கோட்டில். அம்மா இருக்கும்வரை எனக்கு விடுதலை இல்லை என்றால், நான் எதற்காகக் காத்திருக்கிறேன் அண்ணா? அம்மாவின் சாவுக்கா?

அப்படிக் காத்திருக்க மாட்டேன். கலவைக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். வேலை வந்தால் அம்மாவைக் கட்டிலோடு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுவேன். வராவிட்டால் இன்னோர் ஊருக்கு எழுதுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பெயரை உன்னிடமே ஒப்படைக்கும்,
உன் கூடப்பிறந்த தம்பி
மாசிலாமணி